ஓர் எழுத்தோடு நின்றுபோன கேர்னல்

முப்பத்து நான்கு வயதில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றத் தெரியாது. கட்டாரில் ஐந்து வருடம் நானே ஊற்றி, நானே குடித்து, நானே கோப்பை கழுவியவன்தான். ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் விமானத்தை விட்டிறங்கி, சாய்ந்தமருதில் மனைவி வீட்டுப் படியில் கால் வைத்ததும் அந்த அறிவு மொத்தமும் என்னை விட்டுப் போய்விடும். எங்கள் பக்கத்து மாப்பிள்ளைமாருக்கு இது பொதுவான வருத்தம். இதற்கு மருந்து இல்லை. மருந்து வேண்டுமென்று எந்த மாப்பிள்ளையும் கேட்டதாகவும் கேள்விப்படவில்லை. இந்த நான்தான் போன லீவில் கேர்னல் எழுதக் கிளம்பினேன்.

கேர்னல் என்பது கணினிக்குள் எல்லா மென்பொருளுக்கும் அடியில் கிடந்து மாடாக உழைக்கிற ஒன்று. நினைவகத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பது, விசைப்பலகையில் விழும் ஒவ்வொரு அடியையும் கவனிப்பது, திரையில் எழுத்துப் போடுவது, யாருக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துக் கொடுப்பது எல்லாம் அதன் தலையில். மேலே ஓடுகிற மற்றச் செயலிகள் எல்லாம் எங்களைப் போன்ற மாப்பிள்ளைகள். கேட்டால் வரும், எங்கேயிருந்து வந்தது என்று தெரியவேண்டியதில்லை. பத்து வருடமாக நான் அந்த மாப்பிள்ளைச் செயலிகளைத்தான் எழுதிக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருந்தேன். அதனால் எனக்குக் கணினி தெரியும் என்று ஊரும் நம்பியது, நானும் நம்பினேன்.

ஆசைக்காக இதில் இறங்கவில்லை. மூத்தவள் பிறந்தபோது நான் கட்டாரில், ஒரு குளிர்களஞ்சியத்தின் உள்ளே, விறைத்துப்போன கணினி ஒன்றுக்கு முன்னால் விறைத்துப்போய் நின்றேன். ஃபோனில் பிள்ளையின் முகத்தைக் காட்டினார்கள். நெற்றி வந்தது. அதோடு படம் உறைந்துவிட்டது. நான் வாப்பாவான நேரத்தில் கண்டது ஒரு நெற்றி மட்டும்தான். மிச்ச முகத்தை எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அவள் என்னைக் கண்டு வீறிட்டு அழுதாள். இப்போது மனைவிக்கு இரண்டாவது பிள்ளைக்கு எட்டாம் மாதம் தொடங்கப் போகிறது, எனக்கு லீவு முடிய மூன்று கிழமை, இருபது சொச்ச நாள். விமான டிக்கட் அலுமாரியில் இருந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் போட்ட டிக்கட்.

அப்போதுதான் கொழும்பில் ஒரு சிறிய நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. சிறு கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் செய்கிறவர்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். விண்ணப்பம் எழுதிப் போட்டேன். சோதனை ஒன்று அனுப்பினார்கள்: சொந்தமாக ஒரு சின்னக் கேர்னல் எழுதி, உண்மையான பழைய கணினி ஒன்றில் ஓடவைத்து, விசையை அழுத்த அழுத்த எழுத்துத் திரையில் வரவும், ஒரு மூலையில் நேரம் எண்ணிக்கையாக ஓடவும் காட்டவேண்டும். செவ்வாய்க்கு முந்திய சனிக்கிழமை, ஃபோனில் நேரடியாக.

மனைவியிடம் சொன்னேன்.

"ஒங்களுக்கு இது தெரியுமா மச்சான்?"

"படிச்சா ஏலும்."

"மூணு கிழமையிலயா?"

"ஓம்."

"அல்லாஹ் லேசாக்கட்டும்," என்றாள். சத்திரசிகிச்சைக்கு ஆளைத் தள்ளிக்கொண்டு போகும்போது சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். மகளைக் கட்டிக் கொடுத்தவுடன் மாமாவும் மாமியும் தாங்கள் கட்டிய வீட்டின் முன்பக்கத்தை எங்களுக்குத் தந்துவிட்டு, குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். மாமா பாதி நாள் இறக்காமத்தில் வயலோடு இருப்பார். வேளாண்மைக்கு யானை வரும் காலத்தில் முழு நாளும் அங்கேதான். ஆக, ஒரு ஆணிகூட அடிக்காத வீட்டின் மண்டபத்தில் நான் ராசா. அந்த வீட்டைக் கட்டிய மனுஷி பின்னால் குசினிப் புகைக்குள்.

மாமி என்னோடு நேரே கதைக்கமாட்டா. கோபம் ஒன்றும் இல்லை, அது மரியாதை. மருமகனுக்கு முன்னால் வருவதும் இல்லை. கல்யாணம் முடித்து ஆறு வருடத்தில் அவவின் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தது கிடையாது. முக்காட்டின் ஓரமும், கோப்பையைப் பிடித்த கையும்தான் எனக்குத் தெரிந்த மாமி. ஏதும் சொல்லவேண்டுமென்றால் சுவருக்குச் சொல்லுவா. "சோறு ஆறுதே," என்று சுவரிடம் சொன்னால் நான் போய்ச் சாப்பிட வேண்டும். தேத்தண்ணிக்கு வேறு முறை. மண்டபத்துக்கும் குசினிக்கும் இடையில் ஒரு சீலை தொங்கும். அதற்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூல். கை மட்டும் வெளியே வந்து கோப்பையை வைக்கும், கரண்டியால் கோப்பையை ஒருதரம் தட்டும். நான் தொண்டையைச் செருமுவேன். கிடைத்தது என்று அர்த்தம். செருமல் கேட்டால்தான் மாமி அங்கிருந்து நகருவா. மகாராசா வாயைத் திறந்து "சரி மாமி" என்று சொன்னால் முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள், அதனால் செருமல்.

கல்முனை பசாரில் திருத்தும் கடை வைத்திருக்கிற சிநேகிதன் ஒரு பழைய கணினியைத் தந்தான். கடல் காற்று தின்று மிச்சம் வைத்தது. பெட்டியைத் தொட்டால் கையில் துருக் கறள். முதல் நாள் உயிரே வரவில்லை. நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் பித்தளைப் பற்களை மகளின் அழிறப்பரால் தேய்த்தேன், உயிர் வந்தது. திரையின் வயர் பொருந்தும் இடம் லொடலொடத்தது. வயரைச் சற்று அழுத்திப் பிடித்தால் படம் இருக்கும், விட்டால் திரை இருண்டுவிடும். ஒரு அட்டைத் துண்டை மடித்து ஆப்பாகச் சொருகினேன். மடிக்கணினியில் எழுதுவது, பென் டிரைவில் ஏற்றுவது, இந்தக் கிழட்டில் போட்டுப் பார்ப்பது என்று வேலை தொடங்கியது.

இரண்டாம் நாளே முட்டிக்கொண்டேன். திரையில் ஒரு வரி எழுதச் சொல்லி வழக்கமான கட்டளையைக் கொடுத்தால், அப்படி ஒன்று இல்லை என்றது. உலகம் முழுக்க உள்ள கேர்னல் பயித்தியங்கள் கூடுகிற ஓர் இணைய மன்றத்தில் சேர்ந்து, மிகவும் பணிவாகக் கேட்டேன்: நான் எழுதச் சொன்னது ஏன் திரையில் வரவில்லை?

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. எந்த நாட்டு ஆள் என்று தெரியாது, ஆனால் சொந்தக்காரன் போலத் திட்டினான். "யாரிடம் எழுதச் சொன்னீர்கள்? அங்கே யாருமில்லை. எழுதிக் கொடுக்கிற ஆளே நீங்கள்தான். கேள்வி கேட்பதற்கு முன் புதியவர்களுக்கான பக்கங்களை வாசியுங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேள்விகளை விடவில்லை. நினைவகம் வேண்டும் என்று யாரிடம் கேட்பது? யாருமில்லை. ஃபைல் ஒன்றைத் திறக்க யாரைக் கூப்பிடுவது? யாருமில்லை. எங்கே பிழை என்று யார் சொல்லுவார்? யாருமில்லை, போய் அந்தப் பக்கங்களை வாசியுங்கள். ஒரு கிழமைக்குள் அந்த மன்றத்தில் என் பெயரைக் கண்டாலே ஆட்கள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன், தோட்டம் செய்வது மனதுக்கு நல்லது என்று எனக்கு அக்கறையாக எழுதினான். அந்தப் பக்கங்களை வாசித்தேனா என்றால், இல்லை. நீளமாக இருந்தன. பத்து வருட அனுபவக்காரன் புதியவர்களுக்கான பக்கத்தை வாசிப்பதா?

அடுத்தது, கணினி ஓயாமல் மறுபடி மறுபடி தொடங்கும் கட்டம். கேர்னலில் ஒரு பிழை நடந்தால் அதைக் கவனிக்க ஓர் ஆளை நாமே நியமித்திருக்க வேண்டும். நியமிக்காவிட்டால் அது இரண்டாவது பிழை. அதையும் கவனிக்க ஆளில்லையென்றால் கணினிக்குப் பொறுமை முடிந்துவிடும், தன்னைத்தானே அணைத்து மறுபடி தொடங்கும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் அந்தக் கிழடு "பீப்" என்று ஒரு சத்தம் போடும். ஒரு நாள் முழுக்க பீப், பீப் என்று கத்தியது. அன்றைக்கு எனக்கு வந்த தேத்தண்ணிக்கு அளவே இல்லை. இஞ்சி போட்டது, பால் விட்டது, வெறும் தேத்தண்ணி என்று வந்துகொண்டே இருந்தது. நானும் வெட்கமில்லாமல் செருமிச் செருமிக் குடித்தேன். வேலை செய்கிற மருமகன் மீது மாமிக்கு என்ன ஒரு பாசம் என்று நெஞ்சு நிறைந்தது. பின்னேரம் மனைவி வந்து சொன்னாள்.

"மச்சான், உம்மா கேக்கா, இன்னமும் தேத்தண்ணி வேணுமா எண்டு. நீங்க மணி அடிச்சு அடிச்சுக் கூப்பிடுறீங்களாம். சீனி முடிஞ்சி பெய்த்து."

"நான் எங்க மணி அடிச்ச?"

அவள் கணினியைப் பார்த்தாள். அது நல்ல பிள்ளையாகப் "பீப்" என்றது. சீலைக்குப் பின்னால் கேத்தல் அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது.

இரண்டாம் கிழமை முடிவில் ஒரு திங்கட்கிழமை, மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து விசைப்பலகைக்கான பகுதியைப் போட்டு ஓடவிட்டேன். பீப். கறுப்புத் திரை. ஏ விசையை அழுத்தினேன். திரையில் ஏ வந்தது! என்ட றப்பே, எனக்கு உடம்பு புல்லரித்தது. யாரும் இல்லாத இடத்தில் நான் வைத்த ஆள் கேட்டு எழுதிக் கொடுத்த எழுத்து அது. எழும்பித் துள்ளினேன். பிறகு பி அழுத்தினேன். வரவில்லை. சி, டி, எல்லாம் அழுத்தினேன். உள்ளங்கையால் மொத்தமாக அறைந்தேன். ஏ மட்டும் தன்னந்தனியாக நின்றது. மறுபடி தொடங்கினேன். முதலாவது எதை அழுத்தினாலும் வருகிறது, இரண்டாவது வருவதே இல்லை. அந்தக் களேபரத்துக்குள் எங்கோ கரண்டிச் சத்தம் கேட்ட மாதிரியும் இருந்தது. யார் கவனித்தது? கோப்பை ஆறி ஆடை கட்டியிருந்ததைப் பின்னேரம்தான் கண்டேன்.

மன்றத்தில் எழுதினேன்: விசைப்பலகை ஒரே ஒரு தரம்தான் வேலை செய்கிறது, பிறகு செத்துவிடுகிறது, ஏன்? திட்டுகிறவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "மூன்றாம் பக்கம்." கணினி கெட்டது என்று நான் முடிவு கட்டினேன். விசைப்பலகையைக் கழற்றித் துடைத்தேன். கல்முனைக்குப் போய் வேறு விசைப்பலகை வாங்கி வந்தேன். அதிலும் ஒன்றுதான் வந்தது. மூன்றாம் பக்கத்தை மட்டும் வாசிக்கவில்லை, மானம் இருக்கிறதல்லவா.

செவ்வாய் போனது. புதனும் போனது. இதற்குள் இன்னொன்றையும் கவனித்தேன். தேத்தண்ணி வரவில்லை. காலையிலும் இல்லை, பின்னேரமும் இல்லை. சோறு கறி மனைவி கையால் வந்தது, ஸ்டூல் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. எனக்கு ஏறிவிட்டது. சரிதான், மூன்று கிழமை வீட்டில் குந்திக்கொண்டு பெட்டியைத் தட்டுகிறவனுக்கு என்ன தேத்தண்ணி என்று நினைத்துவிட்டார்கள், கட்டாருக்குப் போய்த் தொலையட்டும் என்று பார்க்கிறார்கள். கேட்டு வாங்கிக் குடிப்பது மாப்பிள்ளைக்கு இழுக்கு. எழும்பிப் போய் ஊற்றிக் குடிப்பது அதைவிட இழுக்கு. ஆகவே நான் இரண்டு நாள் வீராப்பாகத் தண்ணீர் குடித்தேன்.

வியாழன் காலை, பொறுக்க ஏலாமல் மனைவியிடம் வெடித்தேன்.

"என்னகா, உம்மாக்கு நான் பாரமாப் பெய்த்தனா? திங்கக்கிழமை ஒரு தேத்தண்ணி தந்ததோட சரி, மறுகா ஒண்டையும் காணல்ல!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கதிரையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபமும் எரிச்சலும் சரிபாதி இருந்தன.

"நீங்கதான் செருமல்லயே."

"என்ன?"

"திங்கக்கிழமை உம்மா தேத்தண்ணி வெச்சிட்டு அந்தச் சீலைக்குப் பின்னால ஒரு மணித்தியாலம் நிண்டிரிக்கா. பின்னேரம் பள்ளியில அஸறுக்கு வாங்கு சொல்லுற வரைக்கும் நிண்டிரிக்கா, மனிசி. நீங்க செருமவே இல்லயாம். மருமகனுக்கு என்னமோ மனக்கொற, என்ட கையால வாங்க விருப்பமில்ல போல எண்டு மூணு நாளா அழுறா. மொதல் வெச்சதுக்கே பதிலக் காணல்ல, ரெண்டாவத எந்த முகத்தோட வெக்கிற எண்டு கேக்கா."

"அட, நான் கவனிக்கல்ல புள்ள, வேலயில..."

"வாப்பாவ வரச் சொல்லியிரிக்கா, ஒங்களோட கதைக்க. யானைக் காவல உட்டுட்டு வாறாரு மனிசன்."

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. மாமியை நினைத்து முதலில் வெட்கம். இறக்காமத்தில் அந்நேரம் யானை ஏறி மேய்கிற வயலை நினைத்துப் பயம். பிறகு, உண்மையைச் சொல்கிறேன், கேர்னல். மனைவி இன்னும் கதைத்துக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியைத் திறந்து மூன்றாம் பக்கத்தைத் தேடினேன். கொட்டை எழுத்தில் இருந்தது. விசைப்பலகைக்கும் கணினியின் மூளைக்கும் நடுவில் 'சிப்' என்கிற ஒரு சின்னச் சில்லு நிற்கிறது. விசை விழுந்தால் அதுதான் வந்து மூளையின் கதவைத் தட்டும். வேலை முடிந்ததும், "கிடைத்தது, முடித்துவிட்டேன்" என்று அந்தச் சில்லுக்கு ஒரு செய்தி அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்த விசையைக் கொண்டுவராது. புதியவர்கள் விடும் முதல் பிழை இதுதான் என்றும் கீழே போட்டிருந்தது.

"நான் இஞ்ச கதைக்கிறன், நீங்க அங்க என்ன பாக்கீங்க?" என்றாள் மனைவி.

"உம்மாட்டச் சொல்லு, எனக்கு ஒரு மனக்கொறயும் இல்ல எண்டு. வாப்பாக்கும் கோல் எடுத்துச் சொல்லு, வயல உட்டுட்டு வரவேணா எண்டு." சொல்லிக்கொண்டே ஒரு வரியைச் சேர்த்தேன். ஒரே ஒரு வரி. பென் டிரைவ், பீப், கறுப்புத் திரை. ஏ, பி, சி, டி என்று பேன் ஊர்வதுபோல் வரிசையாக எழுத்து ஊர்ந்தது. சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் வந்து நின்றது. கோப்பை ஸ்டூலில் இறங்கியது. கரண்டி தட்டியது, முன்னைவிட மெதுவாக. நான் செருமிய செருமலில் அடுத்த வீட்டுக் கோழி கலைந்தது.

சனிக்கிழமை வந்தது. பின்னேரம் இரண்டரைக்கு நேர்முகம். மனைவி, அன்றைக்கென்று பார்த்து வயிறு இறுக்கமாக இருக்கிறது என்று, மகளையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போய்விட்டாள். மாமாவுக்கு யானை. வீட்டில் நானும், சீலைக்குப் பின்னால் மாமியும்தான். இரண்டு இருபத்தைந்துக்குத் திரை இருண்டது. வயரில் சொருகிய அட்டை நைந்து விழுந்துவிட்டது. கையால் அழுத்திப் பிடித்தேன், படம் வந்தது. விட்டேன், போனது. வேறு அட்டை மடிப்பதற்குள் ஃபோன் அடித்தது.

ஒரு பெண். குரலில் என்னைவிடப் பத்து வயது குறைவு. நல்ல மரியாதையாகக் கதைத்தாள்.

"ஸ்க்ரீனைக் காட்டுங்க. டைப் பண்ணுங்க, நான் பார்க்கிறன்."

வலக்கையில் ஃபோன். இடக்கையில் வயர். விசைப்பலகைக்குக் கையில்லை. மூக்கால் அழுத்தலாமா என்றுகூட யோசித்தேன். வேறு வழியின்றி, ஆறு வருடப் பழக்கப்படி சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆராச்சும் வந்து இந்தக் கட்டைகள ஒவ்வொண்டா அழுத்தினா நல்லம். எது எண்டாலும் பரவால்ல."

சீலை அசைந்தது. முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு மாமி வந்தா. என் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடி, ஒற்றை விரலை விசைப்பலகையில் வைத்தா. திரையில் பி வந்தது. மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பி. அவ்வளவுதான். பத்து விநாடி, இருபது விநாடி.

"ஒரு எழுத்தோட நின்னுட்டுதே," என்றாள் அந்தப் பெண். பெருமூச்சு கேட்டது. "சில்லுக்குப் பதில் அனுப்ப மறந்துட்டீங்க போல. புதுசா எழுதுறவங்க எல்லாரும் விடுற பிழைதான்." எதையோ குறித்துக்கொள்ளும் பேனாச் சத்தமும் கேட்டது.

அலுமாரியில் இருக்கிற டிக்கட் கண்ணுக்குள் வந்தது, உறைந்துபோன அந்த நெற்றியும் வந்தது. பிழை பார்க்கும்போது பதறக்கூடாது, என்ன ஓடுகிறது, என்ன ஓடவில்லை என்று பார் என்று மன்றத்துத் திட்டுகிறவன் எழுதியிருந்தான். பார்த்தேன். மூலையில் நேரம் ஓடுகிறது, ஆக இயந்திரம் உறையவில்லை. நேற்றுவரை எல்லா எழுத்தும் வந்தது, ஆக என் வரியும் இருக்கிறது. மிச்சம் விசைப்பலகை. திரும்பிப் பார்த்தேன். மாமி விரலை உயர்த்தியபடி, சுவரைப் பார்த்தபடி, அசையாமல் நின்றா. காத்துக்கொண்டு நின்றா.

நான் தொண்டையைச் செருமினேன்.

விரல் இறங்கியது. ஓ வந்தது. செருமினேன். ஐ வந்தது. செருமினேன். யூ. செருமினேன். வை.

"உங்களுக்குச் சளித் தடிமனா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஓம், கொஞ்சம்." செருமினேன். டி வந்தது.

மேல் வரிசை முடிந்து கியூ வரை வந்தபோது அவள் மறுபடி நிறுத்தினாள். "எழுத்தெல்லாம் தலைகீழா வருதே. வரிசை பிசகுதா?"

இனிப் பொய் சொல்லி ஆகாது என்று தெரிந்துவிட்டது. "இல்ல மிஸ். அழுத்துறது என்ட மாமி. குர்ஆன் ஓதுற பழக்கத்துல வலப்பக்கத்தில இரிந்து வாறா."

"அப்போ ஏன் ஒவ்வொன்றுக்கும் இடையில இவ்வளவு நேரம்?"

"நான் செருமினாத்தான் அடுத்தத அழுத்துவா."

அவள் கேட்டாள், சிரிப்பை விழுங்கிக்கொண்டு கேட்ட மாதிரி இருந்தது: "நீங்க செரும முந்தியே மாமி அடுத்ததை அழுத்தினா உங்க கேர்னல்ல என்ன நடக்கும்?"

"என்ட மாமி அப்படிச் செய்யமாட்டா," என்றேன். "வேற ஆராச்சும் செஞ்சா, சில்லு ஒண்ட மட்டும் கையில வெச்சிக்கிட்டு நிக்கும். நான் பதில் குடுத்தாப் பொறகுதான் தரும்." அதற்கு மேல் அரைமணி நேரம் கேள்வி கேட்டாள். நினைவகம் யார் தருவது, பிழையைக் கவனிப்பது யார், கவனிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும். மன்றத்தில் நான் கேட்டுத் திட்டு வாங்கிய அதே கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. அவ்வளவு நேரமும் மாமி விரலை உயர்த்தியபடி நின்றா. போகலாம் என்று செரும எனக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவு நல்ல மருமகன் நான்.

திங்கட்கிழமை பின்னேரம் மின்னஞ்சல் வந்தது. ஆறு மாதம் பரீட்சித்துப் பார்ப்பார்களாம், முதலாந் திகதி தொடங்கலாமாம். டிக்கட்டை மனைவி கையில் கொடுத்தேன். அவள் அதை நான்காக மடித்து, திரை வயருக்குப் பக்கத்தில் சொருகினாள். அட்டையைவிட இறுக்கமாக நின்றது.

பிள்ளை ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆத் தொழுகைக்கு முன் பிறந்தது. நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றேன். கேர்னல் எழுதிய கெட்டிக்காரன், மூன்று தரம் பிழையான வார்டுக்கு முன்னால் நின்றுவிட்டு, சரியான வார்டைக் கண்டுபிடித்து நின்றேன். கதவு திறந்து மாமி வந்தா. கையில் வெள்ளைச் சீலையில் சுற்றிய ஒரு பொதி. என்னிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, பொதியைச் சற்று நீட்டினா. நெற்றி தெரிந்தது. பிறகு மூக்கு, வாய், நாடி எல்லாம் தெரிந்தது. கண் திறந்து மூடியது.

நான் செரும வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றேன், காற்றுத்தான் வந்தது. கண்ணிலிருந்து வழிந்து தாடியில் இறங்குவது தெரிந்தது, துடைக்கக் கை எழும்பவில்லை. மாமி காத்துக்கொண்டு நின்றா. பிள்ளையோடு அப்படியே நின்றா. விறாந்தையில் ஆட்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள், வந்தார்கள்.

பிறகு மாமி சுவரை விட்டுத் திரும்பினா. ஆறு வருடத்தில் முதல்தரமாக என் முகத்தை நேரே பார்த்தா. மாமியின் கண்ணும் நனைந்திருந்தது.

"செரும வேணா மகன்," என்றா. "கைய நீட்டுங்க. புள்ளயப் புடிங்க."

நான் கையை நீட்டினேன்.